தொடாத கட்டம்

அந்தக் கல்யாணப் புடவையில் கறுப்பைச் சேர்த்தவள் நான்தான். ஷமீம் இல்லை.

இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடங்கள் ஆயின... இப்போதும் அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் வாய் வருகிறது.

அழுது புலம்புவேன் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தீர்களானால் ஏமாந்துபோவீர்கள். நான் அழுகிற ரகம் இல்லை. காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகளுக்குக் கணினி நிரல் எழுதிக் கொடுப்பவள். வனஜா என்று கேட்டால் கடைத்தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேரிடம் "பிளாக் ஸ்கிரீன் மேடம்" என்று கேளுங்கள், கை காட்டுவார்கள்.

ஆமாம், கறுப்புத் திரை! உங்கள் போனில் வண்ண வண்ணமாக எதையெதையோ தேய்க்கிறீர்களே, அதெல்லாம் என் நிரலில் கிடையாது. கறுப்புப் பின்னணி, பச்சை எழுத்து, வரிசையாகக் கட்டங்கள். மவுஸைத் தேடிக் கை அலைய வேண்டாம். முகூர்த்த மாதத்தில் கடைக்குள் கால் வைக்க இடமில்லாமல் கூட்டம் நெரியும்போது அந்த மேசையில் வந்து உட்கார்ந்து பாருங்கள். என் திரையின் அருமை அப்போது தெரியும். இன்றைக்கும் அது ஓடுகிறது. இன்றைக்கும் அதைப் பற்றி எனக்குத் திமிர்தான்.

அந்தத் திமிரில்தான் எல்லாம் நடந்தது.

கொஞ்சம் தொழில் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இது புரியாவிட்டால் நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியாது.

எங்கள் முதலாளிக்கு இரண்டு கடைகள். ஆர்டர் எடுக்கும் மேசை சின்ன காஞ்சிபுரத்துக் கடையில் இருந்தது. அங்கே இருந்தது முழுக் கணினி இல்லை, ஒரு டெர்மினல். திரை, விசைப்பலகை, கொஞ்சம் நினைவு. பெரிய கணினி இன்னொரு தெருவில், பெரிய கடையின் மாடியில். சாயப்பட்டறை ஓரிக்கைப் பக்கம். இவற்றுக்கு நடுவே இருந்த இணைப்போ, சவாரி கிடைக்காத ஆட்டோ போல உருண்டுகொண்டிருக்கும். ஒவ்வொரு படிவத்தையும் மாடியிலிருந்து வரவழைத்தால், வந்தவர் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அதனால் நான் படிவங்களை டெர்மினலின் நினைவிலேயே உட்காரவைத்தேன். ஆர்டர் படிவம், நிறப் படிவம், தறிப் படிவம். ஒரு விசையைத் தட்டினால் ஒன்று போய் மற்றொன்று வந்து நிற்கும். நினைவில் அவை உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு எங்கள் தொழிலில் பஃபர் என்று பெயர்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். திரை வேறு, பஃபர் வேறு. திரையில் இருப்பது கண்ணுக்கு. சாயப்பட்டறைக்குப் போவது பஃபரில் இருப்பது. ஓர் ஆர்டர் முடிந்ததும் இரண்டையும் துடைத்தாக வேண்டும். திரையை மட்டும் துடைத்துவிட்டு பஃபரை அப்படியே விட்டால்...? பார்ப்பவளுக்குக் கட்டம் காலியாகத் தெரியும். உள்ளே முந்தைய வாடிக்கையாளரின் நிறம் குந்திக்கொண்டிருக்கும். வெளியே பளபளவென்று தேய்த்து வைத்த தூக்குச்சட்டிக்குள் நேற்றைய குழம்பு!

அந்தக் கட்டத்தில் புதிதாக எதையாவது அடித்தால் பழையது போய்விடும், ஆபத்தில்லை. தொடாமல் விட்டால் பழையதுதான் போய்ச் சேரும்.

துடைக்கும் வரி என் நிரலில் இருந்தது. நான் ஒன்றும் கற்றுக்குட்டி இல்லை, முதல் நாளிலிருந்தே இருந்தது. அதை எடுத்தவளும் நானேதான்.

எதற்காக எடுத்தேன்? ஜெயிக்க!

முதலாளியின் மகன் வெளியூரில் நிர்வாகம் படித்துவிட்டு வந்திருந்தார். சின்ன முதலாளி என்று கூப்பிடுவோம். நல்ல பையன்தான், பொய் சொல்ல மாட்டேன். வந்ததும் சென்னையிலிருந்து ஒரு நிறுவனத்து ஆட்களைக் கூட்டி வந்தார். அவர்களிடம் வண்ணத் திரை, படங்கள், புடவையின் மாதிரியே திரையில் விரியும் வித்தை எல்லாம் இருந்தன. முதலாளிக்கு மனசு ஆடிப்போயிற்று.

"இன்னாம்மா வனஜா, அவுங்களுது சினிமா மாதிரி இருக்குது... உன்னுது இன்னும் டெலிகிராம் ஆபீஸாட்டமே இருக்குதே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "சினிமா பாக்கணும்னா தியேட்டருக்குப் போங்க சார். ஆர்டர் எடுக்கணும்னா என் ஸ்கிரீன்ல எடுங்க. யாருது வேகம்னு பாத்துடலாமா?" என்றேன். பந்தயம் கட்டியது நான்தான். எனக்கு வாய் அப்படி.

பந்தயம் கட்டிய பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். ஓர் ஆர்டருக்குள் படிவம் மாறுவது என் திரையில் மின்னல். ஆனால் ஓர் ஆர்டர் முடிந்து அடுத்தது தொடங்கும்போது ஓர் இழுவை இருந்தது. பஃபரைத் துடைத்தால் படிவத்தின் கோடுகளும் சேர்ந்து போய்விடும். அவை மறுபடி மாடியிலிருந்து வர வேண்டும். அதை ஒழுங்காக மாற்றி எழுத அவகாசம் இல்லை. பஃபரைத் துடைக்கும் அந்த வரியின் முன்னால், கணினி அதைப் படிக்காமல் தாண்டிப் போகும்படி ஒரு குறியைப் போட்டேன். வரி இருந்தும் இல்லாததாயிற்று. திரையை மட்டும் துடைத்தேன். பறந்தது!

ஆபத்து தெரியாமல் செய்தேனா? தெரியும்... நன்றாகத் தெரியும்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். கையால் சாயச் சீட்டு எழுதிய நாளிலிருந்து வருவது. உடலும் பார்டரும் ஒரே நிறம் என்றால், பார்டர் நிறத்தை எழுத மாட்டார்கள், காலியாக விடுவார்கள். காலியாக இருந்தால் "உடலின் நிறமே" என்று சாயப்பட்டறையில் புரிந்துகொள்வார்கள். என் படிவத்திலும் அதே வழக்கத்தைத்தான் வைத்திருந்தேன். ஆக, தொடாமல் விடப்படும் கட்டம் ஒன்று இருக்கிறது என்பது படிவத்தை வரைந்த எனக்கே தெரியாமல் இருக்குமா? தெரியும். ஆனால் எங்கள் ஊரில் உடல் ஒரு நிறம், பார்டர் வேறு நிறம் என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஒரே நிறம் கேட்பவர்கள் எப்போதாவது. பந்தயம் முடிந்ததும் சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன்.

இப்போது ஷமீமைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆர்டர் மேசையில் உட்கார்ந்திருந்தவள் அவள். அவளுடைய அப்பா கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தார். கடைக்கு வரும் பெண்களுக்கு ரவிக்கை அங்கேதான். ஷமீம் விசைப்பலகையைப் பார்க்காமல் அடிப்பாள். அனுப்பும் விசையைத் தட்டுமுன் ஒவ்வொரு கட்டத்தையும் வாய்க்குள்ளேயே படிப்பாள், உதடு மட்டும் அசையும். கடைப் பையன்கள் "ஷமீம் மந்திரம் போடறா, நம்ம பேர் அதுல இருக்குதா பாருடா" என்று கேலி செய்வார்கள். "உன் பேரெல்லாம் மந்திரத்துல வராது, புகாருலதான் வரும்" என்று திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்வாள். அவள் ஏற்றிய ஆர்டரில் தப்பு என்று ஒருவர் வந்து நின்றதில்லை. அதுதான் அவளுடைய கௌரவம். புறவழிச் சாலையில் திறக்க இருந்த புதுக் கிளைக்கு அவளைத்தான் ஆர்டர் பிரிவின் பொறுப்பில் போடப்போவதாக முதலாளி வாய்விட்டே சொல்லியிருந்தார்.

என்னிடம் அவளுக்கு ஒரு தனிப் பிரியம். "அக்கா, அந்த ஃபாரம் எப்டிக்கா குதிச்சுக் குதிச்சு வருது?" என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வாள். வேறு யாரும் என் நிரலைப் பற்றி அப்படிக் கேட்டதில்லை.

பந்தயத்தில் என் திரையின் முன்னால் உட்கார்ந்து ஆர்டர் ஏற்றியவள் யார் என்று நினைக்கிறீர்கள்? அவள்தான்! சென்னைக்காரர்களின் ஆள் மவுஸை உருட்டிக்கொண்டிருக்கும்போதே இவள் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். கடையே கைதட்டியது. முதலாளி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஷமீம் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெயிச்சிட்டோம்க்கா!" என்றாள்.

ஜெயித்தாயிற்று அல்லவா... அந்த வரியைத் திரும்பப் போட்டிருக்க வேண்டுமா இல்லையா? போடவில்லை. எல்லாரும் அந்த வேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பப் போட்டால் மறுநாளே "என்னம்மா, நேத்து ஓடுச்சு, இன்னைக்கு நொண்டுது" என்பார்கள். சென்னைக்காரர்களின் விசிட்டிங் கார்டு இன்னும் சின்ன முதலாளியின் மேசையில்தான் இருந்தது. நாளை, நாளை மறுநாள் என்று தள்ளினேன். பிறகு மறந்தும்போனேன்.

மறந்தேன் என்று சொல்லிவிட்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. ஷமீமே வந்து எனக்கு நினைவூட்டினாள்.

"அக்கா, நிறத்து ஃபாரத்துலேர்ந்து தறி ஃபாரத்துக்குப் போய்ட்டுத் திரும்ப வந்தேன்கா. பழைய ஆர்டரோட பார்டர் கலரு ஒரு நொடி எட்டிப் பாத்துச்சு, அப்பால போயிடுச்சு. இன்னாக்கா அது?"

எனக்கு உடனே புரிந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கண்ணு டாக்டர்கிட்ட போ, கண்ணாடி போட்டுக்கோ" என்றேன்! சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். என் நிரலில் ஓட்டை என்று ஒரு ஆர்டர் எடுக்கும் பெண் கண்டுபிடிப்பதா என்ற எண்ணம் எனக்கு. இதைவிட அசிங்கமான காரணம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு அந்தப் புடவை வந்தது.

வாலாஜாபாத்திலிருந்து ஒரு குடும்பம். மகனுக்குக் கல்யாணம், மருமகளுக்குக் கூரைப்புடவை. அரக்கு நிறம். உடலும் பார்டரும் ஒரே அரக்காக இருக்க வேண்டும், ஜரிகை மட்டும் பேச வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார். கடையில் பிரித்துக் காட்டினார்கள். நானும் அன்று அங்கே இருந்தேன். அரக்கு உடல்... இரண்டு பக்கமும் கறுப்புப் பார்டர்! தறிக்காரர் கோர்வை போட்டு, உடலையும் பார்டரையும் துளி பிசிறில்லாமல் சேர்த்திருந்தார். அவர்மேல் என்ன குற்றம்? சீட்டில் என்ன நிறமோ அந்த நூல் வரும், அவர் நெய்வார். இப்போது கறுப்புப் பார்டர் கேட்பவர்களும் இருப்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. யாருடைய கல்யாணத்துக்கு என்று சாயச் சீட்டில் எழுதியிருக்காதே.

"அய்யய்யோ! இன்னாங்க இது? கல்யாணத்துக்குக் கறுப்பா? என் பையன் தலையில இத்த சுத்திப் போடச் சொல்றீங்களா?" அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூட வந்த பெண் ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். கடையில் இருந்த மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலாளி அவர்களைச் சமாதானம் செய்து, வேறு அரக்குப் புடவைகளை மலை மாதிரி குவித்து, ஒன்றைப் பிடிக்கவைத்து அனுப்பினார். அவர்கள் வாசலைத் தாண்டியதும் திரும்பினார்.

"யாரு இந்த ஆர்டர ஏத்துனது?"

"நான்தான் மொதலாளி" என்றாள் ஷமீம். குரல் நடுங்கவில்லை. "ஆனா பார்டர் கட்டத்த நான் தொடவே இல்ல. ஒரே கலருன்னு காலியா விட்டேன். அல்லாமேல ஆணையா தொடல."

தொடவே இல்லை! அவள் சொன்னது அப்பழுக்கில்லாத உண்மை. அந்தக் கடையில் அந்த உண்மையின் அர்த்தம் புரிந்தவள் ஒரே ஒருத்தி. நான். தொடாததால்தான் கறுப்பு போயிற்று.

முதலாளி என்னிடம் திரும்பினார். "ஏம்மா வனஜா, மெஷினு தானா கறுப்புன்னு போடுமா?"

கடை முழுவதும் என்னைப் பார்த்தது. ஷமீமும் பார்த்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை. அக்கா இருக்கிறாள், அக்கா சொல்லிவிடுவாள் என்ற நிம்மதிதான் இருந்தது.

"மெஷின் தானா எதையும் போடாது சார். யாராவது அடிச்சாதான் வரும்" என்றேன்.

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பாருங்கள். இதில் ஒரு பொய்கூட இல்லை! கறுப்பை அடித்தவளும் ஷமீம்தான். அதற்கு முந்தைய ஆர்டரில், பெங்களூர்க்காரர் ஒருவருக்காக. அதை நான் அழித்திருக்க வேண்டும், அழிக்கவில்லை. இப்படி ஒரு வாக்கியத்தை நின்ற நிலையில் செய்தேனே... எவ்வளவு கெட்டிக்காரி நான்!

சின்ன முதலாளி எனக்கு ஒரு வழிகூடத் திறந்துவிட்டார். "மேடம், சிஸ்டம்ல எதாச்சும் பிரச்சன இருக்கலாமா? ஒரு தடவ செக் பண்ணிடுங்களேன். இருந்தா ஒண்ணும் தப்பில்ல, சரி பண்ணிக்கலாம்" என்றார். என் போட்டியாளரைக் கூட்டி வந்த மனிதர்! அவர் வாயிலிருந்து அது வந்ததாலேயே எனக்குச் சுறுசுறுவென்று ஏறியது. பிரச்சினை இருக்கிறது என்று சொன்னால் சென்னைக்காரர்கள் நாளைக்கே பெட்டியோடு வந்து இறங்குவார்கள் என்று நினைத்தேன்.

"செக் பண்ணியாச்சு. கறுப்புன்னு டைப் ஆகியிருக்குது" என்றேன். அப்போது நான் எதையும் பார்த்திருக்கவில்லை.

பார்த்தது அன்று மதியம். எல்லாரும் சாப்பிடப் போனபோது ஷமீமின் நாற்காலியில் உட்கார்ந்தேன். பச்சைப் பார்டரோடு ஒரு பொய் ஆர்டர் ஏற்றினேன். அடுத்ததில் பார்டர் கட்டத்தைக் காலியாக விட்டேன். பஃபரைத் திறந்து பார்த்தேன். பச்சை. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அன்று ஒரு நொடி எட்டிப் பார்த்தது என்று அவள் சொன்னாளே, அதேதான். பொய் ஆர்டர்களை அழித்தேன். அந்த வரியின் முன்னால் போட்டிருந்த குறியை எடுத்தேன். வரி மறுபடி உயிர் பெற்றது. எழுந்து போய் நானும் சாப்பிட உட்கார்ந்தேன். தயிர்சாதம் கொண்டு வந்திருந்தேன், முழுக்கச் சாப்பிட்டேன்.

மறுநாள் திரை மெதுவாக இருக்கிறது என்றார்கள். "லைன் வீக்கா இருக்குது" என்றேன். பிறகு சில நாளில் ஒழுங்காக மாற்றி எழுதி, துடைப்பும் நடக்க, வேகமும் குறையாதபடி செய்துவிட்டேன். நல்ல வேலை அது. அன்றைக்கே செய்திருக்கக்கூடிய வேலை.

ஷமீமை யாரும் வேலையைவிட்டு நீக்கவில்லை. அந்த அளவுக்கு முதலாளி கொடியவர் இல்லை. ஆர்டர் மேசையிலிருந்து எடுத்து, புடவை மடித்துப் பெட்டியில் வைக்கும் இடத்துக்கு அனுப்பினார். புதுக் கிளையின் பொறுப்பு வேறொருவருக்குப் போயிற்று. நான் அவள் மடிக்கும் இடத்தின் பக்கம் போகாமல் சுற்றி நடக்கக் கற்றுக்கொண்டேன். ஆனாலும் ஒருநாள் படிக்கட்டில் மாட்டிக்கொண்டேன்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. நான் பாத்துக்கினுதான்க்கா இருந்தேன். காலியாதான்க்கா இருந்துச்சு. எங்க வீட்ல எல்லாரும் கேக்கறாங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்கா. நான் தப்பு பண்ணலன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

ஒரு வார்த்தை! நான் ஒரு வார்த்தை சொன்னேன். "எல்லாருக்கும் ஒருநாள் கை தவறும்மா. அதுக்குப் போய் மனச விட்டுடாத" என்றேன். தோளிலும் தட்டிக்கொடுத்தேன்.

அவள் தன் கையைப் பார்த்தாள். "அப்படியா அக்கா..." என்றாள். அதுவரை கடை முழுவதும் அவளைக் குற்றம் சொன்னது, அவள் நம்பவில்லை. நான் சொன்னேன், நம்பிவிட்டாள். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

கொஞ்ச நாளில் தானாகவே நின்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. தப்பு ஒன்றுகூட வரவில்லை. எப்படி வரும்? நான்தான் சரி செய்துவிட்டேனே! ஒருநாள் முதலாளி சந்தோஷமாகச் சொன்னார்: "பாத்தியா வனஜா, அந்தப் பொண்ணு மேசைய விட்டு எறங்குனதுலேர்ந்து ஒரு தப்பு இல்ல. நீ சொன்னது கரெக்டாதான் இருந்துச்சு." நான் அவளுக்கு எதிராக இன்னொரு சாட்சியைத் தயாரித்து வைத்திருந்தேன். அந்தக் கறுப்புப் பார்டர் புடவையோ, கண்ணாடிப் பெட்டியில் வைத்த வாரமே போட்டிபோட்டு விற்றுப்போயிற்று. கடைக்கு ஒரு சேதமும் இல்லை. எனக்கும் இல்லை.

நீங்கள் கேட்கலாம்... சரி, அப்போது பயம். பிறகு? சென்னைக்காரர்கள் வரவே இல்லை. என் நிரல் வேறு கடைகளுக்கும் போயிற்று. சின்ன முதலாளி இப்போது பெரிய முதலாளி; என்மேல் மரியாதையாகத்தான் இருக்கிறார். இன்று போய்ச் சொன்னாலும் என் வேலை போகாது. "விடுங்க மேடம், எப்பவோ நடந்தது" என்பார். அப்படியிருந்தும் ஏன் சொல்லவில்லை?

எனக்குத் தெரியும் ஏன் என்று. தப்பு செய்யாதவள் என்ற பெயர் எனக்கு இருக்கிறது. ஷமீமுக்கும் அதே பெயர்தான் இருந்தது. அது போனால் எப்படி இருக்கும் என்று அவளைப் பார்த்துத் தெரிந்துகொண்டவள் நான்.

போன மாதம் அவளைப் பார்த்தேன்.

செவிலிமேட்டுக்குப் போகும் டவுன் பஸ். என் வீடு அங்கேதான். ஏறி உட்கார்ந்தேன், பக்கத்து இருக்கையிலிருந்து "அக்கா!" என்று ஒரு குரல். கொஞ்சம் பருத்திருந்தாள். அதே சிரிப்பு. காய்கறிப் பையை மடியில் வைத்திருந்தாள். கல்யாணமாகி, அவளும் செவிலிமேட்டுக்கே குடி வந்திருக்கிறாளாம்.

"எங்கம்மா வேல பாக்கற இப்போ?" என்றேன்.

"வேலைக்கெல்லாம் போகலக்கா. எங்க நாத்தனார் வூட்டுக்காரரு லாரி ஆபீஸ் வச்சிருக்காரு. பில்லு போட வா வான்னு கூப்ட்டுக்கினே இருக்காரு. நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏன்? உன்ன மாதிரி அடிக்கிற கை யாருக்கு இருக்குது?"

சொல்லியிருக்கவே கூடாது. அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

"அந்தக் கைய நம்ப முடியலையேக்கா. பாத்துக்கினு இருக்கறப்பவே எனக்குத் தெரியாம எதாச்சும் அடிச்சிடுது. வூட்லகூட கேஸ மூடிட்டு, மூடினேனான்னு அவரப் பாக்கச் சொல்வேன். பேங்க்ல சலான் எழுதினா பக்கத்துல யாருகிட்டயாச்சும் காட்டிட்டுதான் குடுப்பேன். பைத்தியம்னு சிரிக்கறாங்க."

பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியது. எனக்கு முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது... வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்துச்சுக்கா. அன்னைக்கு நான் சத்தியமெல்லாம் பண்ணி, எல்லாரும் உங்க புரோகிராமச் சந்தேகப்படறாப்ல ஆயிடுச்சு. நீங்க பந்தயமெல்லாம் ஜெயிச்சு வச்ச பேரு. என்னால கெட்டிருக்கும். மன்னிச்சிடுங்கக்கா."

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். இதைச் சொல்லத்தான் உங்களை இவ்வளவு நேரம் உட்காரவைத்தேன். அந்தப் புடவை, அந்த வரி, அந்தப் படிக்கட்டு எல்லாவற்றையும் நீங்கள் ஒருவேளை பொறுத்துக்கொள்வீர்கள்.

"பரவால்ல விடு ஷமீம். நான் அப்பவே மறந்துட்டேன்" என்றேன்.

அவளை நான் மன்னித்தேன்! நான்... அவளை!

அவள் கண் கலங்கிவிட்டது. "இப்பதான்க்கா மனசு லேசாச்சு" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள், பந்தயத்தன்று பிடித்த அதே மாதிரி. இனிமேல் சொன்னால் அந்த நிம்மதியையும் நான் கெடுத்ததாகும் என்று என் புத்தி உடனே ஒரு சாக்கை எடுத்துக் கொடுத்தது. அதன் வேகத்தை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது.

நான் இறங்க எழுந்தேன். அவளுக்கு இன்னும் ஒரு நிறுத்தம் இருந்தது. "உங்க போனக் குடுங்கக்கா, என் நம்பரப் போட்டுத் தரேன்" என்றாள். வாங்கி அடித்தாள். விரல்கள் பழைய வேகத்தில் பாய்ந்தன. அடித்து முடித்ததும் உதடு அசைய ஒருமுறை படித்தாள், மறுபடியும் படித்தாள். பிறகும் திருப்தி வராமல் என்னிடம் நீட்டினாள்.

"நான் தப்பாப் போட்டிருப்பேன்கா. ஒரு தடவ அடிச்சுப் பாத்துடுங்க."

அடித்தேன். அவள் காய்கறிப் பைக்குள் போன் மணி ஒலித்தது.

"சரியாதான் போட்டிருக்க" என்றேன். "அப்பாடா!" என்று சிரித்தாள். நான் இறங்கினேன். பஸ் கிளம்பியது, ஜன்னலிலிருந்து கையசைத்தாள்.

அந்த எண் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் அதை அழைக்கவில்லை.